வராத காய்ச்சல்

1

இந்தக் கதையை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. ஒரு மருத்துவக் கல்லூரியின் தேர்வுக் குழு என்னிடம் ஒரு கடிதம் கேட்டது. கடிதம் எழுத உட்கார்ந்தேன். அது கடிதமாக வர மறுத்துவிட்டது.

அவர்கள் கேட்டது இவ்வளவுதான்: "விண்ணப்பதாரரின் கட்டுரையை எழுதியவர், அதில் எந்த வாக்கியங்கள் தம்முடையவை, எவை விண்ணப்பதாரருடையவை என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பத்து நாட்களுக்குள் வராவிட்டால் விண்ணப்பம் பரிசீலிக்கப்படாது."

விண்ணப்பதாரர் என் தம்பி மகள். எழுதியவர் நான். ஒரு மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள் இருந்தவள், கடைசி ஒன்பது ஆண்டுகள் அதன் தலைமையில். என் கையெழுத்துக்குக் கீழே விளக்கம் கேட்டு ஒரு துண்டுச்சீட்டுகூட வந்ததில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினருக்கு, மூன்று தலைமுறைகளாக மருத்துவத்தோடு தொடர்புடைய எங்கள் குடும்பம்—"

(அடித்துவிட்டேன். ஏன் என்பது பிறகு வரும்.)

"ஐயா, என் தம்பி மகள் சிறு வயதிலிருந்தே படிப்பில்—"

(மேலே போக முடியவில்லை.)

"நடந்தது என்னவென்றால்—"

(காவல் நிலையத்தில் நிற்பவள் பேசுவதுபோல் இருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் அங்கே நின்றதில்லை.)

நான்கு நாட்கள் இப்படிப் போயின. ஐந்தாம் நாள், யாருக்கென்று இல்லாமல் எழுதினால் வருகிறதா பார்ப்போம் என்று தொடங்கியதுதான் இது. வாசகரே, உங்களுக்கும் அந்தக் குழுவுக்கும் ஒரே வித்தியாசம், நீங்கள் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

3

பாத்திரத்தை அறிமுகம் செய்ய வேண்டும். வீட்டில் அவளைப் பொடிசு என்று கூப்பிடுவோம். இப்போது என்னைவிட ஒரு சாண் உயரம். பேரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. வயது இருபத்தொன்று.

பள்ளி இறுதித் தேர்வில் நூற்றுக்கு அறுபத்தொன்று. இயற்பியலில் ஐம்பத்திரண்டு. நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதினாள். இரண்டு முறையும் எழுதியவர்களில் பாதிப்பேருக்கும் கீழே. இந்த எண்களை எழுதுகையில் என் கை தயங்குகிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மதிப்பெண் குறைந்ததற்கு அவளிடம் காரணமே இல்லை. ஊர் சுற்றவில்லை. காதல் இல்லை. வீட்டில் சண்டை இல்லை. தனி அறை, நல்ல விளக்கு, கேட்ட புத்தகம் எல்லாம் இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் ஒருநாள் நேரடியாகவே கேட்டேன்.

"ஏன்டி இப்படி வாங்கியிருக்க?"

"படிச்சேன் அத்தை. வரல."

"வரலன்னா? ஏதாவது காரணம் இருக்குமில்ல?"

"இருந்தா சொல்ல மாட்டேனா? உங்களுக்குக் காரணம் வேணும்னா நீங்களே ஒண்ணு கண்டுபிடிச்சுக்கோங்க."

வாய்க்கொழுப்பு என்று நினைத்தேன். ஆனால் அவள் சொன்னபடியே செய்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.*

* காரணமில்லாத தோல்வியை எழுதுவது கடினம். கதை எழுதுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாத்திரம் விழுந்தால் காலடியில் ஒரு கல்லையாவது போட்டுவிடுவார்கள்.

4

இந்தக் கல்லூரி வருடத்துக்குப் பத்து இடங்களை மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல் தருகிறது. ஒரு பக்கக் கட்டுரை, பிறகு நேர்காணல். பொடிசு கட்டுரையை எழுதி, எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். கவனியுங்கள், எழுத்துப் பிழை பார்க்கத்தான்.

அதன் தொடக்கம்: "எனக்கு இயற்பியலில் ஐம்பத்திரண்டு. அதற்குக் காரணம் எதுவும் இல்லை."

மேலே அவள் வேலையைப் பற்றி எழுதியிருந்தாள். இரண்டு வருடங்களாக ஒரு டயாலிசிஸ் பிரிவில் உதவியாளர். படுக்கை விரிப்பு மாற்றுவது, வருகிறவர்களை எடை மேடையில் நிறுத்தி எண்ணைக் குறிப்பது. கூடியிருக்கும் எடையை வைத்துத்தான் உடம்பிலிருந்து எவ்வளவு நீர் எடுப்பது என்று முடிவு செய்வார்கள். குளிர் தொடங்கியதும் ஒரு பெரியவருக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் கடைசி மணி நேரத்தில் கால் நரம்பு இழுத்துக்கொண்டது, ரத்த அழுத்தம் விழுந்தது. தண்ணீரைக் கட்டுப்படுத்தாமல் குடிக்கிறார் என்று எல்லோரும் அவரைத் திட்டினார்கள். நான்காம் முறைதான் பொடிசு கவனித்தாள்: அவர் புதுக் கம்பளிக் கோட்டோடு மேடையில் ஏறுகிறார். கோட்டின் எடை ஒன்றே கால் கிலோ. அந்த அளவு நீரை அவர் உடம்பிலிருந்து வீணாக எடுத்திருக்கிறார்கள். "மூன்று முறையும் எடையைக் குறித்தவள் நான்தான்" என்று கட்டுரையை முடித்திருந்தாள்.

படித்ததும் எனக்குத் தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன். மதிப்பெண் குறைவு என்று முதல் வரியிலேயே சொல்லி, செய்த தப்பைக் கடைசி வரியில் சொல்லி, நடுவில் வேலை செய்யும் இடத்தையும் காட்டிக்கொடுத்திருக்கிறாளே, இவள் நம் வீட்டுப் பெண்தானா?

அந்தத் தாளை மேசை இழுப்பறையில் வைத்தேன். வேறு ஒன்று எழுதினேன். அதில் இறுதித் தேர்வுக்கு முன் அவளுக்கு மூன்று வாரம் டைஃபாய்டு வந்தது. அவள் தாத்தா, அதாவது என் அப்பா, மருத்துவராக இருந்தார். விண்ணப்பத்தோடு நானே அதை வைத்து ஒட்டினேன். நேர்காணலுக்கு முந்தின நாள் அவளிடம் நகலைக் கொடுத்தேன்.

படித்துவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்: "இது யாரு அத்தை?"

5

நேர்காணலில் நான் இல்லை. அவள் வந்து சொன்னதை வைத்து எழுதுகிறேன். [நாலு பேர், நீளமான மேசை, ஜன்னலில் வெயில் என்று இங்கே இரண்டு வரி சேர்த்திருந்தேன். பார்க்காததை எழுதி ஒருமுறை பட்டது போதும்.]

"என்ன கேட்டாங்க?"

"காய்ச்சலப் பத்தி."

"நீ என்ன சொன்ன?"

"எனக்கு அப்படி ஒரு காய்ச்சலே வரலன்னு சொன்னேன். எழுதினது எங்க அத்தைன்னும் சொன்னேன்."

"அடிப்பாவி!"

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க? தலைவரா இருந்த டாக்டரம்மா முதல்லயே கண்டுபிடிச்சிட்டாங்க. ஒரு வரிய சத்தமா படிச்சாங்க. 'பத்தொன்பதாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நோயாளி பசி இருப்பதாகத் தெரிவித்தாள்.' படிச்சிட்டு, 'யாரும்மா அந்த நோயாளி? நீதானா, இல்ல பக்கத்துப் படுக்கையா?'ன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சிட்டாங்க."

நான் சிரிக்கவில்லை. "எனக்குப் பசித்தது" என்று எழுத வேண்டிய இடம் அது. முப்பத்தோரு ஆண்டுகள் நோய்க்குறிப்புகளைப் படியெடுத்த கை, வழியில் எங்கேயோ அந்தப் பெண்ணை விட்டுவிட்டு நோயாளியைப் பிடித்துக்கொண்டது. பொய் சொன்னது எனக்கு அவமானமாக இல்லை, அன்றைக்கு. பொய்யைச் சரியாக எழுதவில்லையே என்பதுதான் உறுத்தியது.

"அப்புறம்?"

"தாத்தா எந்தக் காலேஜ்ல படிச்சாருன்னு கேட்டாங்க."

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீ?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாரு, எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்."

6

இங்கே ஒரு விளக்கம் தேவை.

எங்கள் வீட்டுக்கு டாக்டர் வீடு என்று பெயர். தம்பியின் கடைக்கு 'டாக்டர் மகன் கண்ணாடிக் கடை'. அப்பா நாற்பது வருடம் ஒரு மருத்துவரிடம் கம்பவுண்டராக இருந்தார். மருந்து கலந்தார், கட்டுப் போட்டார். அந்த மருத்துவர் இறந்த பிறகு ஜனங்கள் அப்பாவிடம் வந்தார்கள். டாக்டர் என்று கூப்பிட்டார்கள். அவர் தன்னை டாக்டர் என்று சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. நாங்களும் சொல்லவில்லை.

பொடிசுக்கு இது தெரியும். பதின்மூன்று வயதில் அப்பாவின் பழைய சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள். வாயை மூடு என்றேன். மூடினாள்.

ஆக, அந்த மேசைக்கு முன்னால் தன் காய்ச்சலைப் பொய் என்று சொன்னவள், என் அப்பாவைப் பொய் என்று சொல்லவில்லை. தனக்குச் சாதகமான வரியைத் தூக்கி எறிந்துவிட்டு எனக்குச் சாதகமானதை மட்டும் காப்பாற்றியிருக்கிறாள். இந்தக் குடும்பத்தின் மானத்தைக் காப்பது நான் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

7

எட்டாம் நாள் கடிதத்தை எழுதி முடித்தேன்.

"கட்டுரையில் இருபத்தெட்டு வாக்கியங்கள். இருபத்தேழு என்னுடையவை. 'நான் டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்கிறேன்' என்ற ஒன்று அவளுடையது; அதையும் 'பணியாற்றி வருகிறேன்' என்று திருத்தினேன். அவளுக்குக் காய்ச்சல் வரவில்லை. என் தந்தை மருத்துவர் அல்லர், கம்பவுண்டர். இவை அவளுக்குத் தெரியாமல் எழுதி அனுப்பப்பட்டவை. அவள் எழுதிய பக்கத்தை இத்துடன் இணைத்துள்ளேன். அதில் எழுத்துப் பிழை இரண்டு. திருத்தவில்லை."

தம்பி படித்தான்.

"காய்ச்சல எழுது, வேணாம்னு சொல்லல. அப்பாவ எதுக்குக்கா இழுக்கற? அத அவங்க கண்டுபிடிக்கவே இல்லையே!"

"கேட்டாங்க. உன் பொண்ணுதான் நமக்காகப் பதில் சொல்லாம வந்திருக்கா."

"கடை போர்டுக்கு நான் என்ன பண்றது?"

"மகன்ங்கறது உண்மைதானே? அத மட்டும் வெச்சுக்க."

"மகன் கண்ணாடிக் கடையா? யாரு மகன்னு கேப்பாங்கக்கா!"

"கம்பவுண்டர் மகன்னு சொல்லு. கையில சுத்தம் இருந்தது அவருக்கு. ஒரு மருந்து மாத்திக் கொடுத்ததில்ல."

அவன் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தான். அவன் மனைவி, இந்த வீட்டில் என்னிடம் குரல் உயர்த்தியிராதவள், சமையலறை வாசலிலிருந்தே சொன்னாள்: "அண்ணி, போஸ்ட் ஆபீஸ் நாலு மணிக்கு மூடிடுவாங்க."

மூன்று இருபதுக்குப் பதிவுத் தபாலில் சேர்த்தேன்.

8

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

அ) இடம் கிடைக்கிறது. நேர்மை வெல்கிறது. (நேர்மை என்னுடையதாகிவிடுகிறது. நான் தாமதமாகச் சொன்ன உண்மைக்கு அவளுடைய இடம் பரிசா?)

ஆ) கிடைக்கவில்லை. என் பொய்யால் கெட்டது. (இதிலும் நான்தான் நாயகி. மதிப்பெண் குறைந்தவள் என் பொய் இல்லாமலும் தோற்றிருக்கலாம்.)

இ) நடந்தது. பதில் வந்துவிட்டது. பொடிசு அதை வேலை செய்யும் இடத்திலேயே பிரித்துப் படித்தாள். மாலை வந்து எங்கள் மூவரிடமும் சொன்னாள். அதை அப்படியே பதினொரு வரிகளில் எழுதினேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

பிறகு, இந்தக் கதையைப் பத்திரிகைக்கு அனுப்பும் முன் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். வழக்கமில்லை, கொடுத்தேன். கட்டில் மேல் கால் நீட்டி முழுதும் படித்தாள். ஐந்தாம் பகுதியில் ஒருமுறை சிரித்தாள். கடைசிக்கு வந்ததும் பேனா கேட்டாள்.

[இங்கே பதினொரு வரிகள் அடிக்கப்பட்டுள்ளன.]

"ஏன்டி, அதுல பொய் ஒண்ணும் இல்லையே?"

"இல்ல அத்தை. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் அடிச்ச?"

"அத நான் சொல்லிக்கிறேன்."

என் எழுத்தை இதுவரை யாரும் அடித்ததில்லை. அடித்த இடத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். எழுத்து தெரியாதபடி அழுத்தமாகவே அடித்திருக்கிறாள். மீண்டும் எழுத என்னால் முடியும், எல்லாம் நினைவிருக்கிறது. எழுதுவதாயில்லை.

முடிவு வேண்டும் என்கிறவர்கள் அவளையே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் காலை பத்து மணிக்கு அவள் எங்கே இருப்பாள் என்று நான் உங்களுக்குச் சொல்ல முடியாது. சொன்னால் முடிவைச் சொன்னதாகிவிடும்.