முதலில் வந்த கால்

மெர்லின் பிறக்கும்போதே வம்பை இழுத்துக்கொண்டுதான் பிறந்தாள். மற்ற பிள்ளைகளெல்லாம் ஒழுங்காகத் தலையைக் காட்டி வெளியே வர, இவள் மட்டும் காலை நீட்டினாள். சேலம் ஆஸ்பத்திரியில் நர்சுக்கு வேர்த்துக் கொட்டியது, அப்பா செபஸ்தியான் மாதா படத்துக்கு முன்னால் முழங்காலிட்டார், கடைசியில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். விடுவார்களா நம் ஆட்கள்? காலால் பிறந்த பிள்ளை உதைத்தால் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் குறுக்குப் பிடிப்பு விட்டுப்போகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஞானஸ்நானம் முடிந்த அன்றே கோயில் மணி அடிக்கிறவர் குறுக்கைப் பிடித்துக்கொண்டு வந்து குப்புறப் படுத்தார். அம்மா அன்னாள் பிள்ளையின் பாதத்தைப் பிடித்து அவர் இடுப்பில் நாலு தட்டுத் தட்டினாள். மனுஷன் எழுந்து நடந்து போய்விட்டார். தொலைந்தது கதை.

அன்றிலிருந்து மெர்லினுக்கு நிம்மதி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிட உட்கார்ந்தால் வாசலில் யாராவது குப்புறக் கிடப்பார்கள். கணக்கு வாத்தியார் வந்து படுத்தார். அவரை உதைத்ததில் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் திருப்தி இருந்தது. பெண் பார்க்க வந்த நாமக்கல்காரர்களில் மாப்பிள்ளையின் சித்தப்பா பஜ்ஜியைக்கூடத் தொடவில்லை. "பொண்ணப் பொறவு பாத்துக்கலாமுங்க, மொதல்ல இந்தக் குறுக்கு" என்று கூடத்திலேயே படுத்துவிட்டார். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரை உதைத்த அவமானத்தை அவள் இன்னும் மறக்கவில்லை. கல்யாணமாகி நாமக்கல் போனால், அவளுக்கு முன்பே அவள் காலின் புகழ் போய்ச் சேர்ந்திருந்தது.

அதனால்தான் மெர்லின் மசாஜ் தெரபி படிக்கக் கிளம்பினாள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பயிற்சி நிலையம், ஒரு வருஷப் படிப்பு. நாமக்கல்லில் பெண்களுக்கான பிசியோதெரபி நிலையம் ஒன்றில் வேலை சொல்லி வைத்திருந்தார்கள்; சர்டிபிகேட்டோடு வந்தால் சேர்ந்துகொள்ளலாம். இனிமேல் தன்னை ஊர் கைக்காகக் கூப்பிட வேண்டும், காலுக்காக ஒரு பயல் கூப்பிடக் கூடாது. அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

அங்கே ஆசிரியை தேவிப்ரியா. அப்பப்பா, என்ன வாய் அந்த அம்மாவுக்கு. விரலில் நகம் அரை அரிசி நீளம் இருந்தால் ஒரு திட்டு, துண்டை மடித்த மடிப்பு கோணினால் ஒரு திட்டு, முதுகெலும்பின் மேலே நேராக அழுத்தினால் அன்றைக்கு முழுக்கத் திட்டு. முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்: "காலால பிறந்தேன், கைராசி இருக்கு, உதைச்சா சரியாகும்னு ஊர ஏமாத்தறவங்க யாராவது இருந்தா இப்பவே எந்திரிச்சுப் போயிருங்க. இங்க படிச்சுட்டு அந்த வேலை செஞ்சா சர்டிபிகேட் கிடையாது." மெர்லின் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். ஒரு வருஷமும் அதை வெளியே சொல்லவில்லை.

செய்முறைப் பரீட்சைக்கு ஆளுக்கு ஒரு பெண்ணைக் கூட்டி வரச் சொன்னார்கள். வருவதாக இருந்த நாத்தனார் ஜெனிட்டாவுக்குக் காலையில் காய்ச்சல். காய்ச்சல்காரரை மேசையில் ஏற்றக் கூடாது என்பது முதல் பாடம். வேறு வழியில்லாமல் பக்கத்து வீட்டு மாரியாயியை பஸ் ஏற்றினாள். மாரியாயி கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குகிறவள். நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்து குறுக்கு ஒடிந்துபோன பொம்பளை. மெர்லினின் காலுக்கு நெடுநாள் வாடிக்கை.

"அக்கா, நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பொய் சொல்லாதீங்க, வலி இருந்தா மறைக்காதீங்க. ஆனா கால் பேச்சு மட்டும் வேண்டாம்."

"நான் ஏஞ்சாமி சொல்றேன்? எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது?" என்றாள் மாரியாயி. ராசிபுரம் வருவதற்குள் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் மெர்லின் பிறந்த கதை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

பரீட்சை அறையில் தேவிப்ரியா பேடும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். என்னவோ மரக்கட்டை மாதிரி விறைப்பாக இருந்தார், திரும்புவதென்றால் நாற்காலியோடு திரும்பினார். மெர்லின் கையைக் கழுவினாள், திரையை இழுத்துவிட்டாள், மாரியாயியை உட்காரவைத்து, ஒருத்தர் சங்கதியை இன்னொருத்தரிடம் சொல்ல மாட்டோம் என்று தைரியம் சொல்லிக் கேட்க ஆரம்பித்தாள். சுகர் உண்டா, பிரஷர் உண்டா, காலில் வீக்கம் உண்டா, எங்கே தொடலாம், எங்கே தொடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மாரியாயி சமர்த்தாகப் பதில் சொன்னாள்.

"இதுக்கு முன்னாடி குறுக்கு வலிக்கு வேற யாருகிட்டயாவது பாத்திருக்கீங்களா?"

கேட்ட பிறகுதான் மெர்லினுக்கு உறைத்தது. கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது.

மாரியாயி திருதிருவென்று முழித்தாள். "பாத்திருக்கனுங்க."

"யாருகிட்ட?" என்று தேவிப்ரியா குறுக்கே புகுந்தார்.

"அது யாருன்னு சொல்ல மாட்டனுங்க. ஒருத்தர் சங்கதிய இன்னொருத்தர்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு இந்தப் புள்ளதான் சொல்லுச்சு." கொஞ்சம் யோசித்து, நல்லெண்ணத்தோடு சேர்த்துக்கொண்டாள். "ஆனா கையெல்லாம் வெக்கலீங்க. காலுதான்." சொல்லிவிட்டு மெர்லினின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேவிப்ரியாவின் பேனா நின்றது. ஒரு வருஷம் பஸ்ஸில் நின்றே வந்த படிப்பு, நாமக்கல் வேலை, எல்லாம் அந்தப் பேனா முனையில் இருந்தது. மாரியாயி உளறுகிறாள் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் மேசையில் படுக்கப்போகிறவளைப் பொய்க்காரியாக்கிவிட்டு அவள் முதுகில் எப்படிக் கை வைப்பது?

"நான்தான் மேடம். காலால பிறந்தேன். இங்க சேர்ற வரைக்கும் உதைச்சிருக்கேன். சேர்ந்த பின்னாடி இல்ல."

"ஆமாங்க, ஒரு வருசமா கேட்டும் உதைக்கலீங்க" என்று மாரியாயி புகார் சொன்னாள்.

தேவிப்ரியா பேடில் ஒரு தாளைத் திருப்பினார். "வரலாறு. ஸ்வீடிஷ் மசாஜ் யார் கொண்டுவந்தது?" என்றார்.

"ரொம்ப காலம் ஸ்வீடன்காரர் லிங்னு சொல்லிட்டிருந்தாங்க மேடம். ஆனா தடவறது, பிசையறதுன்னு பிரிச்சு முறைப்படுத்தினது ஹாலந்து டாக்டர் மெட்ஸ்கர். வேலை ஒருத்தரோடது, பேரு இன்னொருத்தருக்குப் போயிருச்சு." மெர்லின் மூச்சை இழுத்துக்கொண்டாள். "என் காலும் அப்படித்தான் மேடம். பிடிப்பு முக்கால்வாசி நாலு நாள்ல தானா விட்டிரும். நல்ல பேரு எனக்கு வந்திரும்."

பிறகு செய்து காட்டினாள். எண்ணெயைத் தன் கையில் சூடாக்கி, தொடாத இடத்தையெல்லாம் துணியால் மூடி, முதுகெலும்பை விட்டு விலகி இரு பக்கமும் மெதுவாக அழுத்தினாள். வலிக்குதா என்று கேட்டுக் கேட்டுச் செய்தாள். மாரியாயி பாதியில் தூங்கியே போனாள்.

முடிந்ததும் தேவிப்ரியா, "அம்மா, நீங்க வெளிய போய் டீ சாப்பிடுங்க" என்று மாரியாயியை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். மெர்லின் துண்டை மடித்தபடி திட்டுக்குத் தயாரானாள்.

"மெர்லின்" என்றார் தேவிப்ரியா. குரல் இறங்கியிருந்தது. "நேத்து கார்ல இருந்து அரிசிப் பையைத் தூக்கினேன். குறுக்குப் பிடிச்சுக்கிச்சு. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல." கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "ஒரே ஒரு உதை. யாருக்கும் தெரிய வேண்டாம்."

பேடில் மார்க் போடும் இடமும் கையெழுத்துப் போடும் இடமும் காலியாகவே இருந்தன.

மெர்லின் அந்த முதுகைப் பார்த்தாள். உண்மையைச் சொல்வதென்றால், அவள் ஆயுசில் எத்தனையோ முதுகுகளை உதைத்திருக்கிறாள், எல்லாம் வேண்டாவெறுப்பாக. உதைக்க வேண்டும் என்று உள்ளங்கால் துடித்தது இந்த ஒரு முதுகுக்குத்தான். நகத்துக்கு ஒன்று, துண்டுக்கு ஒன்று என்று ஒரு வருஷ பாக்கி இருந்தது. உதைத்தால் சந்தோஷம், கூடவே கையெழுத்தும் கிடைக்கும். ஊரில் யாருக்கு இப்படி வாய்க்கும்?

"முடியாது மேடம்" என்றாள். சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. பிறந்ததிலிருந்து உதை கேட்டு வந்து படுத்தவர் ஒருவரிடமும் அவள் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. இந்த ஒரு வருஷமும் மாரியாயியிடம்கூட நாளைக்குப் பார்க்கலாம் என்றுதான் தட்டிக் கழித்தாள். "நீங்க மார்க் போடற இடத்துல இருக்கீங்க, நான் வாங்கற இடத்துல இருக்கேன். இப்ப நான் சரின்னு சொன்னா அதுக்குப் பேரு சம்மதமே இல்லைன்னு நீங்கதான் சொன்னீங்க."

தேவிப்ரியாவின் முகம் சிவந்தது. ஆரம்பித்தாயிற்று, மெர்லின் விடவில்லை.

"கால் மரத்துப் போகுதா மேடம்?"

"இல்ல."

"ஒண்ணுக்குப் போறதுல சிரமம் இருக்கா? காய்ச்சல்? கீழ விழுந்தீங்களா?"

"அம்மாடி, இதெல்லாம் நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது."

"அதான் கேக்கறேன். பதில் சொல்லுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னார். மெர்லின் அவரை மெதுவாக மல்லாக்கப் படுக்கவைத்து முழங்காலுக்கடியில் தலையணை கொடுத்தாள். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் குறுக்குக்கு அடியில் வைத்தாள். நாலு நாளில் குறையாவிட்டாலோ கால் மரத்தாலோ டாக்டரிடம் போகச் சொன்னாள். அரிசிப் பையைப் பற்றியும் இரண்டு வார்த்தை திட்டினாள். அது பாடத்தில் இல்லை, சொந்தச் சரக்கு.

பிறகு தேவிப்ரியா படுத்தபடியே கையை நீட்டினார். "அந்தப் பேடை எடு." கூரையைப் பார்த்துக்கொண்டே எழுதினார், மார்க் கோணலாக விழுந்தது. தேர்ச்சி. எண்ணெய்ப் பாட்டிலை மூடாமல் வைத்ததற்கு இரண்டு மார்க் பிடித்திருந்தார். அடியில் கையெழுத்து.

மெர்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. பேடை வாங்க வந்தவளின் கையை தேவிப்ரியா விடவில்லை.

"கையெழுத்துப் போட்டாச்சு. இப்ப நான் மார்க் போடற இடத்துல இல்ல" என்றார். குரல் மறுபடி இறங்கியது. "இப்ப?"

மெர்லின் காகிதத்தை மடித்துப் பைக்குள் பத்திரப்படுத்தினாள்.

"இப்ப நான் பாஸ் பண்ணின தெரபிஸ்ட் மேடம். இப்பத்தான் கூடவே கூடாது."

நாமக்கல் பஸ்ஸில் மாரியாயி, கதவோரம் டீயோடு நின்று ஒட்டுக்கேட்ட சங்கதியை எடுத்து, "அடப்பாவமே, பெரிய மனுசி, ஒரு ஒதை ஒதச்சுப்போட்டு வரக் கூடாதா?" என்று வருத்தப்பட்டாள். மெர்லின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மல்லூர் தாண்டியும் அவள் வலது பாதம் அரித்துக்கொண்டே இருந்தது.