கட்டி வைத்த ஆட்டம்

சாரல் காலத்தில் சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் பிச்சைமணி ஒவ்வொரு ஆடியிலும் பவுடர் டப்பாவோடு வருவான். இந்த வருடமும் வந்தான். டப்பாவின் கழுத்தில் ரப்பர் பேண்டுகள் சுற்றியிருந்தன. ஐந்தருவிக்குப் போகும் சாலையில் அதே லாட்ஜ், அதே மாடி அறை. இரண்டு சீட்டுக்கட்டையும் மெத்தையில் பரப்பிப் பவுடர் தூவினான். என் சீட்டுக்கு முதுகு நீலம். அவனுடையது சிவப்பு.

தூவிக்கொண்டே சொன்னான். சுந்தரபாண்டியபுரம் வீட்டை விற்றாகிவிட்டது. மகள் ஜெயபிரியா புனேக்கு அழைத்துப் போகிறாள். இனி இந்தப் பக்கம் வருவதற்குக் காரணம் ஒன்றும் இல்லை.

"கடைசி ஆட்டம் பாய். யாரு ஜெயிக்கான்னு பாத்துட்டுப் போயிருவோம்."

சரி என்றேன். அடுத்த ஆடிக்கு வா என்று சொல்ல வாய் வரவில்லை. வருடத்தில் இந்த ஒரு நாளைத்தான் நான் எண்ணிக்கொண்டிருப்பேன்.

சவுதியில் வேலை பார்த்தபோது தம்மாம் கேம்பில் ஒரு பிலிப்பைன்ஸ் வெல்டர் கற்றுக்கொடுத்த ஆட்டம் இது. ஒருவர் தனியாக ஆடுவதை இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவது. ஆளுக்கு ஒரு கட்டு, முன்னால் ஏழு வரிசை. வரிசையில் கறுப்பின் மேல் சிவப்பு, சிவப்பின் மேல் கறுப்பு என்று இறங்க வேண்டும். ஏஸ் வந்தால் நடுவில் போட வேண்டும். நடு இருவருக்கும் பொது. ஒருவனுக்கு நகராமல் போனதும் முறை மற்றவனுக்கு. ஸ்பேட் ஏஸின் மேல் ஸ்பேட் இரண்டை யாரும் வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம். கட்டை முதலில் காலி செய்பவன் ஜெயித்தவன்.

முதல் இரண்டு வருடம் தோற்றுக்கொண்டே இருந்தேன். போட முடிந்ததையெல்லாம் போட்டேன். நான் இரண்டைப் போட்டதும் அவன் மூன்று, நான்கு, ஐந்து என்று ஏறிப் போனான். ஒருநாள் அவனே பொறுக்காமல் சொன்னான்.

"ஒங்கட்டையே பாத்துக்கிட்டு கெடக்கியே லே. எங்கட்டைப் பாரு. நீ போடுத சீட்டு யாருக்கு வழி விடுதுன்னு பாத்துட்டுப் போடு."

அதன் பிறகு சீட்டை நிறுத்திவைக்கப் பழகினேன். அவன் கண் மட்டும் எனக்கு வரவில்லை. என் வரிசையில் எது திறந்து கிடக்கிறது என்பது என்னைவிட அவனுக்குத்தான் முதலில் தெரியும்.

கேம்பில் பதினோரு வருடம் எங்களுக்கு ஒரே அறை. இரண்டு கட்டிலுக்கு நடுவே ஓர் அட்டைப்பெட்டி, அதுதான் மேஜை. வேலைக்கு பஸ் வந்து ஹாரன் அடித்தால் ஆட்டத்தைக் கலைக்க மாட்டோம். வரிசை குலையாமல் ரப்பர் பேண்டு போட்டு அவனவன் கட்டை அவனவன் எடுத்துக்கொள்வோம். நடுவில் கிடப்பது அடுத்த முறைக்காரனிடம் இருக்கும். கட்டி வைத்ததை முடிக்காமல் புது ஆட்டம் கிடையாது.

ஒருமுறை அப்படிக் கட்டிய மறுநாள் அவன் லீவில் ஊருக்குப் போனான். நடுக்கட்டு இரண்டு மாதம் என் தலையணைக்கு அடியில் இருந்தது. வேறு யாரோடும் நான் ஆடவில்லை. திரும்பி வந்தவன் தோள்பையைக்கூட இறக்காமல், "ஒன் முறைதான லே" என்றான்.

இப்போது நடுவில் ஸ்பேட் ஆறு நின்றது. அதன்மேல் வைக்க வேண்டிய ஏழு என் வரிசையின் நுனியில் இருந்தது. எனக்கு மிச்சம் ஐந்து சீட்டு. ஏழைப் போட்டால் மற்ற நான்கும் பின்னாலேயே போய்விடும். ஜெயித்துவிடுவேன். அவன் எழுந்து பஸ்ஸுக்குப் போவான்.

"ஒண்ணும் நகரல" என்றேன்.

அவன் கண் என் ஏழின் மேல் போய் நின்றது. பிறகு தன் வரிசைகளைப் பார்த்தான்.

"எனக்கும் நகரல பாய்."

மறுபடியும் நான் இல்லை என்றேன். மறுபடியும் அவன் இல்லை என்றான். ஜன்னல் வழியாகச் சாரல் மெத்தையின் ஓரத்தை நனைத்தது.

அப்போதுதான் அவன் கட்டைப் பார்த்தேன். ஆட்டின் ஜாக்கி திறந்து கிடந்தது. நடுவில் ஆட்டின் பத்து. ஜாக்கியைப் போட்டிருந்தால் அவன் பக்கம் மொத்தமும் காலி. இத்தனை வருடத்தில் அவன் ஒரு சீட்டைப் பார்க்கத் தவறி நான் கண்டதில்லை.

"மணி, கட்டி வைப்போமா?"

அவன் டப்பாவின் கழுத்திலிருந்து ரப்பர் பேண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். அவனவன் வரிசைகளைக் கட்டினோம். நடு மட்டும் கிடந்தது.

"முறை யாருக்கு?" என்றான்.

எனக்குத்தான் முறை. அவனுக்கும் அது தெரியும்.

"ஒனக்கு" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு நடுவில் கிடந்ததை எடுத்துக் கட்டித் தன் பையில் துணிகளுக்கு அடியில் வைத்தான். பவுடர் டப்பாவை என் பக்கம் தள்ளினான்.

"அடுத்த ஆடிக்கு இதை நீ கொண்டா."