சிடி உறையில் சந்தனம்

விஜயா சிடி உறையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொல்கத்தாவின் டாலிகஞ்சில் ஒரு கல்லூரியின் கணினி லேபுக்கு அவள்தான் பொறுப்பு. நேற்று சரஸ்வதி பூஜை. வீட்டில் ஆயுத பூஜைக்குச் செய்வதுபோல, வரைபட மென்பொருளின் ஒரே அசல் சிடியையும் தேவியின் காலடியில் வைத்து, உறை மூடும் விளிம்பில் சந்தனம் இட்டிருந்தாள். மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது. இப்போது காய்ந்த சந்தனம் நடுவில் பிளந்திருந்தது.

யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்தவர் நகல் எடுக்காமலா விட்டிருப்பார்?

துறைத் தலைவர் விஸ்வநாதன் போன வாரம்தான் சொல்லியிருந்தார்: "ஹாஸ்டல்ல இன்னொரு திருட்டு காப்பி கிடைச்சா லேபைப் பூட்டிடுவேன்." பூட்டினால், வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகள் எங்கே போவார்கள்?

காலை வகுப்பில் ஒவ்வொரு பையாக அவள் கண் மேய்ந்தது. மகேஷின் பையில் வட்டமான பிளாஸ்டிக் டப்பா ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. வெற்று சிடிகள் ஐம்பதாக விற்கிற டப்பா.

"மகேஷ், அதுல என்ன?"

"டிபன், மாஷி." பிள்ளைகள் அவளை வங்காள வழக்கப்படி சித்தி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சிடி டப்பால டிபனா? எடு வெளியே."

எல்லாரும் பார்க்கத் திறந்தான். நடுக்குச்சியில் கோத்தபடி நேற்றைய பூஜைக்குச் சுட்ட லுச்சிகள், மைதா பூரிகள்.

"நகல் எடுக்கணுமா மாஷி?" என்றான். லேப் முழுக்கச் சிரித்தது. அவளுக்கு முகம் சுருங்கிப்போனது.

மதியம் கண்ணை மூடி உட்கார்ந்தாள். 'எடுத்தது யாரென்று காட்டு தாயே' என்று கேட்க நாக்கு கூசியது. பூஜைக்கு ஒரு நாள் லேப் மூடல். பிள்ளைகள் வரைபடங்களைத் தர வேண்டியதோ நாளை. மற்ற நாளும் ஐந்து மணிக்கே பூட்டு. கதவில் ஒரு தாள் ஒட்டினாள்: இன்று முதல் லேப் எட்டு மணி வரை.

மாலை பதினொரு பேர் வந்தார்கள். கடைசியாக வந்த மாணவி மேக்னா ஒரு சிடியை மேஜையில் வைத்தாள்.

"நான்தான் எடுத்தேன் மாஷி. பூஜையில புஷ்பாஞ்சலி முடிஞ்சதும் எல்லாரும் சாப்பிடப் போனாங்கள்ல, அப்போ. நான் நடத்துற ட்யூஷனே ஆறரைக்குத்தான் முடியும். லேப் எனக்குக் கிடைக்கவே கிடைக்காது."

"வேற யாருக்குக் குடுத்தே?"

"ஹாஸ்டல்ல ஒருத்தி கேட்டா. நாளைக்குத் தர்றேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

விஜயா அவள் கண்ணையே பார்த்தாள். நம்புவதா? பிறகு சிடியை அவளிடமே நீட்டினாள். மேக்னா அதை இரண்டாக உடைத்தாள்.

"போய் உக்காரு. மகேஷ், காலையில உன்னை அப்படிக் கேட்டது தப்புப்பா."

"பரவால்ல மாஷி. நாளைக்கு உங்க டிபனை நான் சோதிக்கிறேன்."

ஏழரைக்கு விஸ்வநாதன் எட்டிப் பார்த்தார். "இன்னும் பூட்டலையா?"

"பூட்டினாத்தான் சார் காப்பி வெளியே போகுது."

அவர் பதினொரு முதுகுகளையும் சற்று நேரம் பார்த்தார். சாவியைக் கேட்காமலே போனார்.