கழுவிய கதவு

அன்று பிற்பகல் ஆலைக் கொட்டகைக்குள் இருந்தவர்கள் நால்வர்: நான், என் மகள், மாப்பிள்ளை, உலையைக் கவனிக்கும் ஒட்டடை. ஐந்தாவதாக மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி அம்மாள்; அவர் வாசல் வரைதான் வந்தார். தெருவில் பாதிப் பேர் தாங்களும் அங்கே நின்றதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். நின்றிருந்தால் இவ்வளவு உற்சாகமாகப் பேச மாட்டார்கள்.

ஒட்டடை என்பது பட்டப்பெயர். ஆள் நெட்டை, ஒல்லி, தலைமயிர் ஒட்டடைக் குச்சி மாதிரி நிற்கும்.

பழைய டயரைத் திறந்தவெளியில் கொளுத்துவதல்ல எங்கள் தொழில். அப்படி யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். லாரி நீளத்துக்கு ஓர் இரும்பு உருளை. அதில் டயர்களை அடைத்து, காற்றுப் புகாதபடி கதவை எட்டு போல்ட் போட்டு இறுக்கி, அடியில் அடுப்பு மூட்டுவோம். உள்ளே டயர் வெந்து ஆவியாகும். ஆவி குளிர்ந்து எண்ணெயாகத் தொட்டிக்குப் போகும். மிஞ்சுவது கம்பியும் கரித்தூளும். உருளை நன்றாக ஆறிய பிறகே கதவைத் திறக்கலாம். சூடான கரித்தூளில் காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளும். ஆறிவிட்டதா என்று பார்க்க எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. கதவில் நான் உள்ளங்கையை வைப்பேன். இருபது எண்ணும்வரை கை தாங்கினால் திறப்பார்கள். இத்தனை வருஷத்தில் அது ஒருமுறையும் தப்பியதில்லை.

குப்பைமேட்டில் கிடந்து கொசு வளர்க்கும் டயரை எண்ணெயாக்குகிறோம், ஊருக்கு நல்லதுதானே என்று நான் மார்தட்டியதுண்டு. ஆனால் பின்தெருவில் கொடியில் காயும் துணியில் கரி படிகிறது, வாய்க்காலில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறது, கிணற்றுத் தண்ணீர் நாறுகிறது என்று மேலே மனு போயிருந்தது. முதல் கையெழுத்து யாருடையது என்று பார்த்தால், மாப்பிள்ளையின் தாயார். என் சொந்தச் சம்பந்தி. ஊர் சிரிக்க வேறென்ன வேண்டும்?

விசாரிக்க அதிகாரி நான்கு மணிக்கு வருவதாகத் தகவல். வருகிறவர் கண்ணில் ஒரு பொட்டுக் கரி படக்கூடாது என்று உத்தரவிட்டேன். காலையிலிருந்து தரையைக் கழுவினோம், சுவரைக் கழுவினோம். என் மகள் குழாயைப் பிடித்து உருளையின் கதவையும் பளபளவென்று கழுவிவிட்டாள். உருளைக்குள் முந்தின நாள் வெந்த கரித்தூள் கிடந்தது. விடியற்காலையில்தான் அடுப்பை அணைத்திருந்தோம். அதிகாரி வருவதற்குள் அதை அள்ளி மூட்டை கட்டி அப்புறப்படுத்திவிட நினைத்தேன்.

இரண்டு மணிக்குக் கதவில் கை வைத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. இருபது என்ன, நாற்பதே எண்ணினேன்.

"ஆறிடுச்சு. திறங்க."

மாப்பிள்ளை வெப்பமானியை அண்ணாந்து பார்த்தார். "இருநூத்திப் பத்து காட்டுது, மாமா."

"அது வாங்கின நாள்லேர்ந்து எதையாவது காட்டிக்கிட்டுதான் இருக்கு."

"கதவுல இப்பதானே தண்ணி அடிச்சோம்? மேல ஆறியிருக்கும். உள்ள அப்படியேதான் இருக்கும். ராத்திரி வரைக்கும் விடுங்க."

"கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு? என் கை சொல்லுது."

ஒட்டடை தலையைச் சொறிந்தான். "உங்க கை காய்ச்சுப்போன கை, ஐயா. அதுல நெருப்புக் கங்கை வச்சாக்கூட குளுகுளுன்னு இருக்குன்னுதான் சொல்லும்."

"நீ வாயை மூடு."

"வாயை மூடிடறேன். கதவும் மூடியே இருக்கட்டும்னுதான் சொல்றேன்."

"நான் ஸ்பேனரைத் தொட மாட்டேன், மாமா" என்றார் மாப்பிள்ளை. பன்னிரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை, அதுவும் வேலைக்காரன் முன்னால்.

"உங்க வீட்டுப் பழக்கம் அப்படி. அம்மா எங்க மேல மனு கொடுக்கறாங்க. பிள்ளை வேலை வேளையில பயந்து நடுங்கறார்."

"அப்பா, போதும்" என்றாள் என் மகள்.

மாப்பிள்ளை ஸ்பேனரை எடுத்தார். "நீ வெளியில போ" என்று அவளிடம் சொன்னார். அவள் போகவில்லை.

நான்கு போல்ட் கழன்றன. ஐந்தாவதைத் தளர்த்தும்போது உருளை மூச்சை இழுத்தது. வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தூங்குகிறவன் திடுக்கிட்டு விழிக்கும்போது இழுப்பானே, அந்தச் சத்தம். தரையில் கிடந்த சாக்குக் கிழிசல் ஒன்று கதவை நோக்கித் தானாக நகர்ந்தது. வெளிக்காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. கதவின் விளிம்பில் நூல் அளவு இடைவெளி. அதற்குள் சிவப்பாக ஏதோ தெரிந்தது. அது மெல்ல அகன்றது. கழுவிய கதவிலிருந்து ஆவி எழும்ப ஆரம்பித்தது.

கதவிலிருந்து பத்தடியில் எண்ணெய்த் தொட்டி, விளிம்புவரை நிரம்பி இருந்தது. தொட்டிக்குப் பின்னால் சுவர். சுவருக்குப் பின்னால் பின்தெரு. அந்த நேரத்தில் அங்கே எல்லா வீட்டிலும் ஆள் இருப்பார்கள்.

மாப்பிள்ளை ஒரு சாக்கை மடித்துத் தோளுக்குக் கொடுத்துக் கதவின்மேல் சாய்ந்தார். "ஒட்டடை, போல்ட்டைத் திரும்பப் போடு."

"மரை ஏற மாட்டேங்குதுண்ணா."

"ஏறும். நிதானமா."

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலண்ணா."

"இதை இறுக்கு. நானே பொண்ணு பார்க்கறேன்."

என் மகள் தொட்டிப் பக்கம் ஓடி, உருளைக்கும் தொட்டிக்கும் நடுவில் இருந்த வால்வை இரண்டு கையாலும் சுற்றினாள். அது துருப்பிடித்த வால்வு. மாற்ற வேண்டும் என்று அவள் இரண்டு முறை சொல்லியிருந்தாள். உருளைக்குள் ஏதோ முனகியது. பிறகு உறுமியது. சாக்கு கருகும் வாடை வந்தது. மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். வாய் அசைந்தது தெரிந்தது. கேட்கவில்லை.

அடுத்து எனக்கு நினைவிருப்பது வாசல். அதிகாரி அம்மாள் முன்கூட்டியே வந்து ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். என் பின்னாலிருந்து வந்த புகையைப் பார்த்தார்.

"உள்ள யாராவது இருக்காங்களா, பெரியவரே?"

நான் பதில் சொன்னேன். சொல்லி முடிக்குமுன் பின்னால் வெடித்தது.

கதவு பிய்த்துக்கொண்டு போகவில்லை. மூன்று போல்ட்டைத் திரும்ப ஏற்றியிருந்தார்கள், அவை தாங்கின. தீ இடைவெளி வழியாக நாக்கை நீட்டி, மாப்பிள்ளையின் இடது கையை விரலிலிருந்து தோள்வரை தின்றுவிட்டு அடங்கியது. ஒட்டடைக்குத் தலைமயிர் போயிற்று. வால்வை மகள் மூடியிருந்ததால் தொட்டி பற்றவில்லை. ஆனால் கரித்தூள் கூரைத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து, பட்டப்பகலை மங்கலாக்கிப் பின்தெரு முழுவதும் இறங்கியது. தீயணைப்பு வண்டி பாய்ச்சிய தண்ணீர் கரியையும் எண்ணெயையும் வாரிக்கொண்டு வாய்க்காலில் கலந்தது. மூன்றாம் நாள் மீன்கள் மல்லாந்து மிதந்தன. கிணறுகளுக்குச் சீல் வைத்தார்கள். இன்றைக்கும் பின்தெருவுக்குத் தண்ணீர் லாரியில்தான் போகிறது. ஆலையை மூடும் உத்தரவில் நான் மறுபேச்சின்றிக் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. மாப்பிள்ளை அவசரப்பட்டுக் கதவைத் திறந்தாராம். நான் தடுத்தேனாம். தீயைக் கண்டதும் பிள்ளைகளைக் காப்பாற்ற உதவி கேட்டு வாசலுக்கு ஓடினேனாம். கல்யாண வீடுகளில் என்னை முன்வரிசையில் உட்காரவைத்து இதைச் சொல்கிறார்கள். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தாலும் மறுப்பதில்லை. என் மகளும் மறுப்பதில்லை. அவள் என்னோடு பேசுவதே இல்லை.

அந்தப் பேச்சு பொய். தடுத்தவர் மாப்பிள்ளை. திறக்கச் சொன்னவன் நான். தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டது அதிகாரி அம்மாள். நான் யாரிடமும் உதவி கேட்கவில்லை. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று அவர் கேட்டபோது, யாரும் இல்லை என்று சொன்னேன்.