வெள்ளிப் பையில் கேழ்வரகு மாவு

போச்சம்பள்ளி சிப்காட் தொழிற்பேட்டையில் மாதேஸ்வரி வேலை பார்த்த கம்பெனியில் கரிப்பொடி செய்தார்கள். உலைக்குள் கேஸை விட்டுச் சூடாக்கினால் கரி நூல்நூலாக முளைக்கும். கார் பேட்டரிக்குப் போகும் சரக்கு. மூட்டை நிறைய இருந்தாலும் ஒரு கையால் தூக்கிவிடலாம். அதனாலேயே அதைக் கண்டு யாரும் பயப்படவில்லை.

பொடி காலியான வெள்ளிநிறப் பைகள் குப்பைக்குப் போகும். எலி கடிக்காத, வண்டு ஏறாத பை. அதில் ஒன்றை மாதேஸ்வரி சாப்பாட்டுப் பையின் அடியில் மடித்து வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். நாலு தடவை அலசிக் காயவைத்துக் கேழ்வரகு மாவைக் கொட்டினாள். பள்ளி விட்டு வந்ததும் மகள் அனிதாதான் பைக்குள் தலையை நுழைத்துக் களிக்கு மாவு அள்ளிவைப்பாள்.

திங்கட்கிழமை மதியம் கேன்டீனில் பாதுகாப்புக் கூட்டம். அதிகாரி பிரேம்குமார் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுப் பேசினார்.

"ஒரு தலைமுடியைப் பத்தாயிரமாப் பிளந்தா எவ்வளவு இருக்கும்? அதான் இந்த நூலு. இரும்பை விட உறுதி. மூச்சுல போனா நுரையீரல்ல குத்திக்கிட்டு நின்னுடும்னு எலிக்கு வெச்சுப் பாத்திருக்காங்க."

"அப்ப எம்மாமியாருக்கு ஒரு கிலோ பார்சல் சார்," என்றாள் மதுரைப் பக்கத்துப் பொற்கொடி. எல்லாரும் சிரித்தார்கள்.

மாதேஸ்வரிக்கு வீட்டிலிருந்த பை ஞாபகம் வந்தது. அனிதாவுக்குப் பத்து நாளாக வறட்டு இருமல். கேழ்வரகு மாவே கருத்த நிறம். அதில் கரி கலந்திருந்தால் எப்படித் தெரியும்? வாயைத் திறந்தால் வேலை போய்விடும். போன மாதம் ஒரு ஜோடி கையுறை எடுத்துப்போன எல்லப்பனைக் கேட்டோடு நிறுத்திவிட்டார்கள்.

"சார், தண்ணியில அலசுனா போயிடுங்களா?"

"கரையாதும்மா, ஒட்டிக்கும். ஏன் கேக்கறீங்க?"



"வூட்ல ஒரு பை இருக்குதுங்க சார். மாவு போட்டு வெச்சிருக்கேன். பாப்பா இருமுது."

பிரேம்குமார் பெயரெழுத நோட்டைத் திறந்தார்.

"எங்க வீட்லயும் ரெண்டு கிடக்கு சார்." பொற்கொடியின் குரலில் இப்போது சிரிப்பில்லை. பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பிறகு நாலைந்து கைகள்.

அவர் எதையும் எழுதவில்லை.

"சாப்பிட்டா என்ன ஆவுங்க சார்?" என்றாள் மாதேஸ்வரி.

"யாருக்கும் இன்னும் முழுசாத் தெரியாதும்மா. பாப்பாவை இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க. பையைக் கிளறாதீங்க."

சுவரோரம் வரிசையாக இருந்த சாப்பாட்டுப் பைகளைப் பார்த்தபடியே அவர் மாஸ்க்கை மூக்குக்கு ஏற்றிக்கொண்டார்.

மாதேஸ்வரி எழுந்து கேட்டை நோக்கி ஓடினாள். மணி மூன்றரை. பள்ளிக்கூடம் விட்டு அனிதா மாவில் கைவைக்க இன்னும் முக்கால் மணி நேரம்தான் இருந்தது. கம்பெனி பஸ் ஐந்தரைக்குத்தான் கிளம்பும்.