கருப்பு போன கத்தி

கொல்லைக் குழாயடியில் குந்தி உட்கார்ந்து சுடலைமுத்து கத்தியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் விடிந்திருந்தது. கோத்தகிரிப் பனியில் குழாய்த் தண்ணீர் விரலைக் கடித்தது. சாணைக்கல்லில் கொஞ்ச நேரம், உப்புத்தாளில் கொஞ்ச நேரம், அப்புறம் செங்கல் பொடி. எத்தனை தேய்த்தும் அந்தக் கருப்பு லேசில் விடுகிற மாதிரி இல்லை. "எமகாதகப் பெயிண்டா இருக்கே" என்று முனகிக்கொண்டு இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

கத்தி அவருடையது இல்லை. மாடி அறையில் தங்கியிருந்த ஆதித்யாவுடையது. கோயமுத்தூர்ப் பையன். கத்தி, டார்ச், பை என்று புதுச் சாமான்களைப் பிரித்துப் பார்த்து வீடியோ எடுத்துப் போடுவதுதான் அவனுக்குத் தொழிலாம். "இதுக்கெல்லாமா சம்பளம் குடுக்கறாங்க!" என்று ராஜகுமாரி வாயைப் பிளந்தாள். புருஷனும் பெண்டாட்டியுமாக அந்த ஹோம்ஸ்டேயைப் பார்த்துக்கொண்டார்கள். அவருக்குத் தோட்டமும் காவலும், அவளுக்குச் சமையல். பின்பக்கத்து ஓட்டு அறையில் குடியிருப்பு. மகள் ஜீவிதா அங்கிருந்துதான் பிளஸ் டூ பரீட்சைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள்.

முந்தின நாள் சாயங்காலம் ஆதித்யா கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, கத்தியை அவர் உள்ளங்கையில் வைத்தான்.

"கேமராவப் பாக்காதீங்கண்ணா. கையில வாங்குனதும் என்ன தோணுதோ அதச் சொல்லுங்க. அது போதும்."

எஸ்டேட்டில் காலமெல்லாம் கவாத்து வேலை செய்த கை அது. வளர்ந்த தேயிலைச் செடியை ஒரே வீச்சில் மட்டமாக வெட்டி நிறுத்துவதற்குக் கத்தியில் கனம் வேண்டும். இதில் கனமே இல்லை. அலகும் கருப்பு, பிடியும் கருப்பு. மடக்கினால் சட்டைப் பைக்குள் காணாமல் போய்விடும்.

"தீப்பெட்டி கூட இதவிடக் கனமா இருக்குமுங்களே தம்பி! நெசக் கத்திதானுங்களா, இல்ல தேர்த் திருவிழாவுல விக்கிற வெளையாட்டுச் சாமானா?"

ஆதித்யா விழுந்து விழுந்து சிரித்தான். பித்தானை அமுக்கச் சொன்னான். அலகு டக்கென்று வெளியே வந்தது. சுடலைமுத்து கட்டை விரலை விளிம்பில் லேசாக வைத்து, சட்டென்று எடுத்துக்கொண்டார். "ஆத்தாடி! ஆளு நோஞ்சான்னாலும் பல்லு பலமாத்தான் இருக்கு" என்றார். அவருக்கு அதைப் பிடித்துத்தான் போயிற்று. திருப்பிக் கொடுக்கிறபோது கை கொஞ்சம் தயங்கியது.

"நாளைக்குக் காலைல தோட்டத்துல உக்காந்து இதுல பழம் வெட்டிச் சாப்பிடற மாதிரி எடுக்கப்போறேன். கொஞ்சம் கழுவி வச்சிருங்கண்ணா" என்று கத்தியை மறுபடி அவரிடமே கொடுத்துவிட்டு ஆதித்யா மாடிக்குப் போனான்.

கழுவி வைத்திருந்தால் முடிந்தது விஷயம். எஸ்டேட்டில் புதுக் கத்தி வந்தால் கருப்பு வார்னிஷ் பூசித்தான் வரும். அதைத் தேய்த்து இரும்பை வெளுக்க வைக்காமல் யாரும் முதல் செடியில் கை வைக்க மாட்டார்கள். இந்தப் பையனோ அந்தப் பெயிண்டோடு பழம் வெட்டித் தின்னப் போகிறான். வயிற்றுக்குள் போனால் என்ன ஆவது? பட்டணத்துப் பிள்ளை, இதெல்லாம் அதற்கு எப்படித் தெரியும் என்று சுடலைமுத்து நினைத்தார். நல்ல மனசோடுதான் நினைத்தார்.

வெயில் ஏறுவதற்குள் அலகு வெளுத்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, தட்டில் கொய்யாப் பழத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுபோனார்.

ஆதித்யா தட்டைப் பார்த்தான். கத்தியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணா... என்ன பண்ணுனீங்க?"

"பெயிண்ட எடுத்துட்டேன் தம்பி. இனிப் பயமில்லாம வெட்டலாம்."

"அது பெயிண்ட் இல்லண்ணா! துருப் பிடிக்காம இருக்கறதுக்குக் கம்பெனியே போட்டுத் தர்ற கோட்டிங். அந்தக் கருப்புக்காகத்தான் இதை வாங்கறதே. நான் கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய கத்திண்ணா இது!"

சுடலைமுத்து தட்டைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றார். "தெரியாமப் பண்ணிட்டேன் தம்பி, தெரியாமப் பண்ணிட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆதித்யா தலையில் கை வைத்து உட்கார்ந்தான். பிறகு என்ன நினைத்தானோ, சிரித்தான். எழுந்து போய்க் கேமராவைக் கொண்டுவந்தான்.

"விடுங்கண்ணா, பரவால்ல. எப்படித் தேய்ச்சீங்கன்னு அப்படியே ஒருக்கா செஞ்சு காட்டுங்க."

பையன் திட்டவில்லையே என்ற நிம்மதியில் சுடலைமுத்து ஓடினார். கல், உப்புத்தாள், செங்கல் பொடி எல்லாவற்றையும் எடுத்துவந்து குழாயடியில் மறுபடி குந்தினார். மிச்சமிருந்த கருப்பையும் தேய்த்துக் காட்டினார். "பெயிண்டு வயித்துக்குள்ள போனா யாரு சாமி பதில் சொல்றது?" என்று ஆதித்யா சொல்லிக்கொடுத்தபடி இரண்டு தரம் சொன்னார். ஊருக்குக் கிளம்பும்போது ஆதித்யா அவர் தோளில் கை போட்டு, "நீங்க தங்கமான மனுசன்ணா" என்றுவிட்டுப் போனான். அன்று ராத்திரி அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அந்த வாரம் முடிவதற்குள் ஜீவிதா வகுப்புப் பிள்ளைகள் எல்லார் செல்லிலும் ஆதித்யா போட்ட வீடியோவில் அவர் இருந்தார். குந்தி உட்கார்ந்து தேய்க்கிறார், நடுவில் சேர்த்துவிட்ட ஒரு கழுதைச் சத்தம், மறுபடி தேய்க்கிறார். லட்சக்கணக்கான பேர் பார்த்தார்களாம். கீழே ஹோம்ஸ்டே பேரும் இருந்தது. "இங்க போனா சாமானப் பூட்டி வைங்க" என்று ஒருத்தன் எழுதியிருந்ததற்கு ஆயிரம் பேர் சிரித்திருந்தார்கள். கோடை லீவுக்குச் சொல்லிவைத்திருந்த ஒரு குடும்பம் வரவில்லை என்று சொல்லிவிட்டது.

"ஒரு வார்த்த கேட்டுட்டுத் தேய்ச்சிருக்கலாமுல்லங்க" என்றாள் ராஜகுமாரி. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கேட்டிருக்கலாம்" என்றார் அவர். அந்த வார்த்தையைத்தான் படுக்கும்போதும் எழும்போதும் சொல்லிக்கொண்டிருந்தார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதைதான்.

ஹோம்ஸ்டே முதலாளி பாலசுப்பிரமணியம் கோயமுத்தூரிலிருந்து வந்தார். காரை விட்டு இறங்கியவர் வீட்டுக்குள் போகவில்லை. வாசலிலேயே நின்றார்.

"ஏப்பா சுடல, நீ கெட்டவன்னு நான் சொல்லல. ஆனா போர்டுல இருக்கறது என் ஊட்டுப் பேரு பாரு."

"கத்திக்கு உண்டானதச் சம்பளத்துல புடிச்சுக்கங்கய்யா."

"கத்தி போகட்டும்ப்பா. அந்தத் தம்பியே ஒண்ணும் வேண்டாம்னுட்டான். அவனுக்கு அந்த வீடியோவுல நல்ல வருமானமாம், போன் பண்ணிச் சந்தோசமாச் சொன்னான். வர்றவங்க உன்னைப் பாத்து யோசிக்கறாங்க. வேற ஆளுக்குச் சொல்லிட்டேன்."

"பாப்பாவுக்கு இன்னும் கெமிஸ்ட்ரியும் கணக்கும் பாக்கி இருக்குதுங்கய்யா. அது முடியற வரைக்கும் ரூம்புல மட்டும் இருந்துக்கறோம். நான் வெளிய கூலிக்குப் போயிக்கறேன்."

பாலசுப்பிரமணியம் கார் சாவியைக் கை மாற்றிக்கொண்டார். "புதுசா வர்றவன் குடும்பத்தோட வர்றாம்ப்பா. அவன எங்க படுக்க வைக்கறது?"

ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். ஊட்டியைத் தாண்டிச் சோலூரில் ராஜகுமாரியின் அண்ணன் வீடு இருந்தது. மிச்சப் பரீட்சைக்கு அங்கிருந்து ஊட்டி வந்து, பஸ் மாறி, ஜீவிதா கோத்தகிரி வர வேண்டும். போர்வையில் கட்டிய பாத்திர மூட்டையின் மேல் உட்கார்ந்து அவள் கெமிஸ்ட்ரிப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். ஊட்டி பஸ் வருகிற மாதிரி தெரியவில்லை.

ஒரு டூரிஸ்ட் வேனிலிருந்து இறங்கிய பெண் சுடலைமுத்துவை உற்றுப் பார்த்தாள். கண் விரிந்தது. "ஐயோ, நீங்க அந்தக் கத்தி அங்கிள்தானே! மனிஷா, சீக்கிரம் வாடி!"

வேனே இறங்கி வந்து சுற்றிக்கொண்டது. "அங்கிள், ப்ளீஸ், ஒரே ஒரு செல்ஃபி." வேண்டாம் என்று எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு நடுவில் நின்றார்.

செல்லை உயர்த்திப் பிடித்த பெண் முகத்தைச் சுளித்தாள். "அந்த மூட்டை மட்டும் ஃப்ரேமுக்குள்ள வருது. கொஞ்சம் தள்ளி வைக்கறீங்களா?"

ஜீவிதா புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தாள். அம்மாவும் மகளும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மூட்டையை இழுத்துக்கொண்டு ஓரமாகப் போனார்கள்.

"சிரிங்க அங்கிள்" என்றாள் அந்தப் பெண். சுடலைமுத்து சிரித்தார்.