நான்கு நிமிட நிறுத்தம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து வந்தது. எங்கள் வீட்டு இயந்திரம் மண்டையைப் போட்டதால், ஒரு மூட்டை அழுக்குத் துணியோடு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் வெளியூர். அண்ணிதான் கதவைத் திறந்தார், மூட்டையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ரயில்வேயின் கணினிப் பிரிவில் அவருக்குப் பதினேழு வருடச் சர்வீஸ்.

தண்ணீர் எடுக்கப் போனபோது ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு ரயில் டிக்கெட் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். புறப்படும் இடமாக அச்சாகியிருந்த ஜங்ஷன் பெயரைப் பேனாவால் அடித்து, மேலே ஒரு சின்ன நிறுத்தத்தின் பெயரை யாரோ அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள்.

"என்ன அண்ணி இது? எங்கேயாவது போயிட்டு வந்த ஞாபகமா?"

"அது என் தப்பு. மறந்துடக் கூடாதுன்னு ஒட்டி வச்சிருக்கேன்."

தன் தப்பை ஃப்ரிட்ஜில் ஒட்டி வைக்கும் ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. துணி துவைத்து முடிவதற்குள் முழுவதையும் வாங்கிவிட்டேன். எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, "எழுதிக்கோ கொழுந்தனாரே, ஆனா என்னை உள்ள இழுக்காதே" என்றார்.

ஆகவே இந்தக் கதையில் வருகிறவள் என் அண்ணி இல்லை. அண்ணி உரக்கப் பேசுவார். இவள் மெதுவாகப் பேசுவாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "ஆயிரம் திரைகள் ஒளிரும் அந்தப் பிரம்மாண்டமான அறையில், நாட்டின் அத்தனை ரயில்களும் அவள் விரல் நுனியில்—"

இதை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். "ஆயிரமா? எனக்கு ஒண்ணரை திரைதான் இருக்கு. ரெண்டாவதுல பாதி கறுப்பா போய் எட்டு மாசமாச்சு."

இரண்டாவது முயற்சி: "இரும்புப் பாதைகளுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பாதை ஓடுகிறது, அதன் பெயர் தகவல்—"

யாரோ ரிப்பன் வெட்ட வந்தவர் பேசுவது போலிருந்தது. கிழித்துப் போட்டேன்.

மூன்றாவது முயற்சிதான் கீழே இருப்பது. சுமார்தான். ஆனால் நிற்கிறது.

3

அவளுடைய மேஜை, ஏசி நேராகப் பிடரியில் அடிக்கும் இடத்தில் இருந்தது. வெளியே கொளுத்தும் வெயிலிலும் அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் வேலை பார்ப்பாள். மேலதிகாரி முதல் மின்தூக்கி இயக்குபவர்வரை அவளை 'டைம்டேபிள் மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

ரயில்வேயில் மூன்று கணினி அமைப்புகள் பல ஆண்டுகளாகத் தனிக்குடித்தனம் நடத்திவந்தன. டிக்கெட் விற்பதற்கு ஒன்று, கால அட்டவணைக்கு ஒன்று, எந்த ரயில் இப்போது எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்கு ஒன்று. ஒருவர் வீட்டு விஷயம் மற்றவருக்குத் தெரியாது. இப்போது மூன்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரப்போகிறார்கள். வீடு மாறும்போது எல்லோரும் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள், வேண்டாத சாமான்களை ஒதுக்கினார்கள்.

எது வேண்டாத சாமான் என்று தீர்மானிக்கும் விதியை எழுதியது அவள்தான். 'மூன்று ஆண்டுகளாக ஒரு டிக்கெட்கூட விற்காத நிறுத்தம் புதிய அமைப்பில் சேர்க்கப்படாது.' ஒரே வரி. கூட்டத்தில் மேலதிகாரி அதைச் சத்தமாகப் படித்து, "இப்படித்தான் இருக்கணும், வழவழ கொழகொழன்னு இல்லாம" என்றார். அவளுக்கு அன்று முழுவதும் கால் தரையில் பாவவில்லை.

(இந்த இடத்தில் நான் ஒரு பத்தி எழுதி நீக்கினேன். 'ஆனால் அவள் அறியவில்லை, அந்த ஒற்றை வரி...' என்று தொடங்கியது. அவள் அறியாததை நான் முன்கூட்டியே சொல்லிப் பெருமையடித்துக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை.)

விதியை ஓடவிட்டபோது இருநூற்றுப் பன்னிரண்டு நிறுத்தங்கள் சிக்கின. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் மூடப்படும். பிறகு புதிய கால அட்டவணையில் அந்தப் பெயர்கள் இருக்காது, ரயில் அங்கே நிற்காது.

தான் எழுதியதைத் தானே நம்பாதது அவளிடம் இருந்த நல்ல குணம். வியாழனன்று உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் செத்துப்போன நிறுத்தங்கள், வருடக்கணக்கில் எந்த ரயிலும் நிற்காதவை. நூற்று முப்பத்தெட்டாவதில் கை நின்றது.

டிக்கெட் அமைப்பு சொன்னது: விற்பனை பூஜ்யம். கால அட்டவணை சொன்னது: காலை ஒன்பதரை வண்டி, ஒரு நிமிட நிறுத்தம். ரயிலைப் பின்தொடரும் அமைப்பு சொன்னது: ஒன்பதரை வண்டி தினமும் அங்கே நான்கு நிமிடம் நிற்கிறது.

யாருமே ஏறாத இடத்தில் நான்கு நிமிடம் எதற்கு? சிக்னல் கிடைக்காமல் நிற்கிறது என்று நினைத்தாள். அடுத்த வரிக்குப் போகவும் போனாள். போனவள் திரும்பி வந்து தேதிகளை இன்னொரு முறை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சரியாக ஒரு நிமிடம்.

சிக்னலுக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை லீவு?

4

அவள் தொலைபேசியில் அழைக்கப்போகும் டிக்கெட் கிளார்க்கை நான் முதலில் நரைத்த தலையும் மூக்கு நுனியில் கண்ணாடியுமாக, பழுத்த பழமாக எழுதியிருந்தேன். நிறுத்தமே தன் பிள்ளை என்று வாழ்பவர். பயணிகளின் குலம் கோத்திரமெல்லாம் தெரிந்தவர்.

அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். "அவனுக்கு முப்பத்தோரு வயசு. பேனா மூடியைக் கடிச்சுக்கிட்டே பேசுவான். எடுத்ததுமே சண்டை."

நல்லவராக இருந்தால் கதைக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் சண்டைக்காரர்தான் கிடைத்தார்.

வெள்ளி காலை ஒன்பது இருபதுக்கு அவள் அழைத்தாள்.

"தலைமை ஆபீஸ்ல இருந்து பேசறேன். கம்ப்யூட்டர் பிரிவு."

"ஆறு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதா? க்யூ நிக்குது. சட்டுனு சொல்லுங்க."

"உங்க நிறுத்தத்துல ஒரு டிக்கெட்கூட விக்கலைன்னு இங்க காட்டுது சார்."

அவர், "இருங்க, ஃபோனை வெளிய நீட்டுறேன்" என்றார்.

அவளுக்குக் கேட்டது. இருமல். ஒரு குழந்தையின் அழுகை. சக்கர நாற்காலி ஒன்று கிறீச்சிடும் சத்தம். "அக்கா, நீங்க முன்னால வாங்க, உக்காந்துக்குங்க" என்று ஒரு குரல். அவளுடைய பூஜ்யம் வரிசையில் நின்று பேசிக்கொண்டிருந்தது.

"எல்லாம் டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறவங்க மேடம். டயாலிசிஸ் மட்டும் பதினோரு பேர். பிளாட்பாரம் தாழ்வு, தூக்கித்தான் ஏத்தணும். வண்டி கார்டும் கைகொடுத்து ஏத்திட்டுத்தான் கொடி காட்டுவார். உங்க ஒரு நிமிஷத்துல ஒரு கால்கூட ஏறாது."

"அப்போ டிக்கெட்?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஆறு வருடத்துக்கு முன் மழையில் கவுன்டர் கூரை ஒழுகி டிக்கெட் இயந்திரம் போய்விட்டது. தற்காலிகமாக ஜங்ஷனிலிருந்து ஒரு பழைய இயந்திரத்தை அனுப்பினார்கள். அது எங்கே உட்கார்ந்தாலும் தன்னை ஜங்ஷன் என்றே நினைத்துக்கொள்ளும். பெயரை மாற்ற மனு போட்டார். பதில் இல்லை. மறுபடி போட்டார். இன்றுவரை அந்த இயந்திரம் ஜங்ஷன் பெயரிலேயே அச்சடித்து ஜங்ஷன் கணக்கிலேயே சேர்க்கிறது, அவர் ஒவ்வொரு டிக்கெட்டிலும் அதை அடித்துவிட்டு நிறுத்தத்தின் பெயரைக் கையால் எழுதுகிறார். ஒரு நாளைக்கு நூற்று அறுபது முறை.

கணினிக்குப் பேனா மை தெரியாது.*

* அடிக்குறிப்பு மாதிரி: இந்த வரியை எழுதியதும் எழுந்து இரண்டு நடை நடந்தேன். அண்ணி இதை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

"சார், அச்சடிச்ச டிக்கெட்டைத் திருத்துறது..."

"தெரியும். குத்தம். வேலைகூடப் போகும்." பேனா மூடியைக் கடிக்கும் சத்தம் கேட்டது. "இதெல்லாம் எழுத்துல போகுமா மேடம்?"

"இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள போகலைன்னா வண்டி நிக்காது சார்."

"அப்போ என் பேரையே போட்டுக்குங்க. ஒரே பேரை ஆறு வருஷம் எழுதிக் கையெழுத்து நல்லா வந்துடுச்சு. வேலை போனா போர்டு எழுதிப் பொழைச்சுக்கறேன். வண்டி வருது, வச்சிடறேன்."

அவள் ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். ஒன்பதரை வண்டி என்ற பச்சைப் புள்ளி அந்த நிறுத்தத்தில் வந்து நின்றது. ஒரு நிமிடம். இரண்டு. மூன்று. யாரையோ தூக்குகிறார்கள். நான்கு. புள்ளி நகர்ந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, ஏசியைத் திட்டிக்கொண்டே துடைத்துக்கொண்டாள்.

5

மேலதிகாரி கெட்டவர் இல்லை. அவருக்குப் பட்டியலை மூடியாக வேண்டும்.

"ஒண்ணுக்கு விட்டுக்கொடுத்தா இருநூத்திப் பன்னெண்டும் வரிசை கட்டும்மா. டிக்கெட் வித்துதுன்னு கம்ப்யூட்டர் சொல்லுதா?"

"சொல்லல சார். ஆனா வண்டி நாலு நிமிஷம் நிக்குது."

"நின்னா?"

"ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரியில வெளிநோயாளி பார்க்க மாட்டாங்க சார். அன்னைக்கு ஒரு நிமிஷம்தான் நிக்குது."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "விதிவிலக்குப் படிவத்தைப் போடு. கமிட்டிதான் முடிவெடுக்கும். அவங்க படிக்கறது காரணத்தை மட்டும்தான்."

படிவத்தில் காரணத்துக்கு ஒரு சின்னப் பெட்டி இருந்தது. ஐம்பது எழுத்துதான் கொள்ளும். அந்த அளவை வைத்ததும் அவள்தான், ஆட்கள் வளவளவென்று எழுதுகிறார்கள் என்று.

'மழையில் இயந்திரம் பழுதானதால் ஜங்ஷனிலிருந்து தற்காலிகமாக அனுப்பப்பட்ட மாற்று இ'

பெட்டி நிறைந்துவிட்டது. அழித்தாள்.

'டிக்கெட் கிளார்க் தானாகவே திருத்தி'

அழித்தாள். மணி நாலே முக்கால்.

இந்த இடத்தில் நானும் அவளும் ஒரே நிலைமையில் இருந்தோம். கதையை எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை, பெட்டியில் என்ன எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று முடிவுகள் போட்டுப் பார்த்தேன்.

அ. அவள் கிளார்க் பெயரை எழுதுகிறாள். நிறுத்தம் தப்பிக்கிறது, அவர் மாட்டிக்கொள்கிறார். கண்ணீர் வரவழைக்க வசதியான முடிவு. எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது.

ஆ. 'தொழில்நுட்பக் கோளாறு.' யாருக்கும் சேதமில்லை. "எல்லாரும் அதைத்தான் போடுவாங்க, கமிட்டி படிக்காமலே தள்ளிடும்" என்றார் அண்ணி.

இ. நானாக யோசித்திருந்தால் இது வந்திருக்காது. நடந்தது என்பதால் எழுதுகிறேன். நாலு ஐம்பத்தாறுக்கு அவள் தட்டினாள்:

'விதி தவறு. எழுதியது நான். மக்கள் ஏறுகிறார்கள். நேரில் பாருங்கள்.'

அனுப்பினாள். எட்டு நாள் கழித்துத் தபாலில் ஓர் உறை வந்தது. உள்ளே கடிதம் இல்லை. அடித்துத் திருத்திய ஒரு டிக்கெட் மட்டும்.

6

புதிய கால அட்டவணை இன்று காலை நடைமுறைக்கு வந்தது. அண்ணிக்கு ஃபோன் செய்தேன்.

"கமிட்டி என்ன அண்ணி முடிவு பண்ணுச்சு? வண்டி நிக்குமா?"

"எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். ஆறு வருஷம் திரையைப் பார்த்தே ஏமாந்தோம். நீயும் அதையே செய்யாதே. ஏறிப் போய்ப் பாரு."

ஆகவே இந்தக் கடைசிப் பகுதியை ஒன்பதரை வண்டியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து ஆடுவதற்குத் தண்டவாளம்தான் பொறுப்பு. டிக்கெட்டை ஜங்ஷன்வரை எடுத்தேன். நிறுத்தத்துக்குக் கேட்டிருந்தால் கவுன்டரிலேயே முடிவு தெரிந்திருக்கும். கைப்பேசியை அணைத்து வைத்திருக்கிறேன். கார்டையும் கேட்கவில்லை.

கதவருகே ஒரு சாய்பலகையைச் சாத்திவைத்திருக்கிறார்கள். சக்கர நாற்காலி ஏற்றுகிற அகலம், பளிச்சென்று மஞ்சள் பெயின்ட், ஒரு கீறல்கூட இல்லை. வேறு ஏதாவது நிலையத்துக்காகவும் இருக்கலாம். நான் எதுவும் சொல்லவில்லை.

மணி ஒன்பது இருபத்தொன்பது. வேகம் குறைகிறது. வளைவுக்காகவும் இருக்கும்.

எனக்கு ஜன்னலோர இடம் கிடைக்கவில்லை, நடுவில் நசுங்கிக்கொண்டிருக்கிறேன். கதவுப் பக்கம் இருப்பது நீங்கள்தான். கொஞ்சம் எட்டிப் பாருங்களேன். நின்றால், அந்தப் பலகையின் ஒரு முனையை நீங்கள் பிடியுங்கள். இதோ, பேனாவைப் பையில் போட்டுவிட்டு நானும் வருகிறேன்.